யாரு வூட்டுக்கு வந்தீங்க? சொந்த ஊர் இல்லாத வடசென்னைக்காரர்கள் கிராமத்துக்குப் போய்வர ஒரு முழு வழிகாட்டி

மே மாத லீவு விட்டால் எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டியிருக்கும். எல்லோரும் ஊருக்குப் போயிருப்பார்கள். எங்களுக்குப் போக ஊர் கிடையாது. தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். அவர் எங்கிருந்து வந்தார் என்று விசாரிக்க எனக்குப் புத்தி வருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அப்பாவைக் கேட்டால் "கொருக்குப்பேட்டைதான்டா நம்ம ஊரு" என்று முடித்துவிடுவார். இப்படி மூன்று தலைமுறையாக ரயில்வே கேட்டுக்கும் கம்பெனி சங்குக்கும் நடுவிலேயே தங்கிவிட்ட குடும்பங்கள் வடசென்னையில் ஏராளம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஊர் உள்ளவர்களுக்கு வழிகாட்டி எதற்கு, அவர்களுக்குப் பாட்டி இருக்கிறார்.

நானும் இரண்டு நண்பர்களும் முதல் தடவை போனது பைக்கில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயிலில். சென்னைக்கு வடக்கே, பொன்னேரி தாண்டி எங்கேயோ பச்சையாகத் தெரிந்ததும் வண்டியை ஓரம் கட்டி, வரப்பில் ஏறி நின்று செல்ஃபி எடுத்தோம். நான் வழுக்கி, நட்டு நாலு நாள்கூட ஆகாத நாற்றுக்குள் முழங்கால் வரை இறங்கிவிட்டேன். அடுத்த கழனியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். திட்டுவார் என்று பார்த்தால், "யாரு வூட்டுக்கு வந்தீங்க?" என்றார். "யாரு வூட்டுக்கும் இல்லைங்க, சும்மா சுத்திப் பாக்க" என்றேன். "பாக்க இங்க இன்னா கீது? மனை பாக்க வந்தீங்களா?"

அந்த வட்டாரத்தில் அது நியாயமான சந்தேகம். மீஞ்சூரிலிருந்து பொன்னேரி வரை ரோட்டோரம் பார்த்துக்கொண்டே போனால் தெரியும், நேற்று வரை நெல் விளைந்த இடத்தில் கலர் அடித்த கல் நட்டிருக்கும், பக்கத்தில் ஒரு வளைவு, நாலு கொடி. பைக்கில் வந்து போனை நீட்டி நிலத்தைப் படம் எடுக்கிறவன் புரோக்கராகத்தான் இருப்பான் என்று அவர்கள் நினைப்பதில் தப்பே இல்லை.

"யாரு வூட்டுக்கு?" என்ற கேள்விக்கு ஒரு பதில் வைத்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. மற்றதெல்லாம் பஸ், ரயில், தண்ணீர் பாட்டில் சமாச்சாரம்தான்.

முதலில் ஒரு வீட்டைப் பிடியுங்கள்

இதற்கு நீங்கள் கிராமத்துக்குப் போகவே வேண்டாம், கிராமம் தினமும் காலையில் உங்கள் தெருவுக்கு வருகிறது. கும்மிடிப்பூண்டி பக்கமிருந்து சென்னைக்கு வரும் விடிகாலை ரயிலில் ஒரு நாள் ஏறிப் பாருங்கள். கீரைக்கட்டு, மீன் கூடை, பூ மூட்டை, கம்பெனி வேலைக்கு வரும் பையன்கள், கட்டட வேலைக்கு வரும் அக்காக்கள். பழைய வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் கூடை இறக்குகிறவர்களில் பலர் அந்தப் பக்கத்து ஆட்கள்தான். நம்மில் பலர் பத்து வருஷமாக ஒரே அம்மாவிடம் கீரை வாங்கியிருப்போம், அவர் எந்த ஊர் என்று ஒரு நாள்கூடக் கேட்டிருக்க மாட்டோம்.

நான் கேட்டேன். எங்கள் தெருவுக்கு வரும் கீரைக்கார அம்மாவிடம், "எந்த ஊரும்மா நீங்க?" என்றதற்கு முதலில் முறைத்தார், ஏதோ குறை சொல்லப் போகிறேன் என்று நினைத்துவிட்டார். அப்புறம் சொன்னார், பொன்னேரி தாண்டி, பழவேற்காடு போகிற வழி. ரெண்டு வாரம் இப்படியே பேசிக்கொண்டிருந்து, மூன்றாவது வாரம் "ஒரு நாள் வந்து பாக்கலாமாம்மா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "வா, வந்து இன்னா பாக்கப் போற, மாட்டையும் சேத்தையும் தான் பாக்கணும்" என்றார். அதுதான் அழைப்பு. வெற்றிலை பாக்கு வைத்தெல்லாம் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

கீரைக்காரர் இல்லையென்றால் கம்பெனியில் கூட வேலை செய்கிறவர், பள்ளிக்கூடத்துப் பழைய சிநேகிதர், வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்த மேஸ்திரி, யாராவது ஒருவர் இருப்பார். சுத்தமாக யாருமே கிடைக்கவில்லையா, அப்போது கோயில் உள்ள ஊராகப் பார்த்துப் போங்கள். "கோயிலுக்கு வந்தோம்" என்பதும் மரியாதையான பதில்தான். அந்த வகையில் நான் சொல்லும் ஊர் திருப்பாலைவனம். பொன்னேரி–பழவேற்காடு ரோட்டிலேயே இருக்கிறது, பழமையான திருப்பாலீஸ்வரர் கோயில், தலமரம் பாலை. ராஜேந்திர சோழன் பெயரோடு சேர்த்து ஒரு தலபுராணம் சொல்வார்கள், அதைக் குருக்கள் வாயாலேயே கேளுங்கள். பழவேற்காட்டுக்குப் போகிற கூட்டம் முழுக்க இந்த ஊரை பஸ் ஜன்னலில் பார்த்துவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறது, அதனால் ஊர் ஊராகவே இருக்கிறது.

எந்த மாதம்

தை, மாசி. யோசிக்கவே வேண்டாம். சம்பா அறுவடை தையில் நடக்கும், அதே சமயம் பக்கத்துக் கழனியில் நவரைப் பட்டத்துக்கு நாற்று நட்டுக்கொண்டிருப்பார்கள், ஒரே வரப்பில் நின்று இடது பக்கம் அறுவடையும் வலது பக்கம் நடவும் பார்க்கலாம். வெயில் தாங்கும். பழவேற்காடு ஏரிக்குப் பூநாரை வந்திருக்கும். ஆனால் காணும் பொங்கல் அன்று மட்டும் போகாதீர்கள், அன்றைக்கு பாதி வடசென்னை அங்கேதான் இருக்கும், அதற்கு நம்ம காசிமேட்டிலேயே நின்றுகொள்ளலாம்.

சித்திரையில் நுங்கு உண்டு. பொன்னேரியில் அகத்தீஸ்வரரும் கரிகிருஷ்ணப் பெருமாளும் சந்திக்கும் திருவிழாவும் சித்திரையில்தான், சிவனும் பெருமாளும் எதிரெதிரே வந்து நிற்பதைப் பார்க்கச் சுத்துப்பட்டு ஊரெல்லாம் திரளும். வெயிலைத் தாங்குவீர்கள் என்றால் போகலாம், அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் வேண்டாம். ஆடியில் அம்மன் கோயிலுக்குக் கூழ் வார்ப்பார்கள், திரௌபதி அம்மன் கோயில் இருக்கும் ஊராக இருந்தால் பாரதம் சொல்லி, ராத்திரி முழுக்கத் தெருக்கூத்து நடத்தி, கடைசி நாள் தீ மிதிப்பார்கள். நம்ம தெருவில் ஸ்பீக்கர் கட்டி வார்க்கும் அதே கூழ்தான், அதே முருங்கைக்கீரைப் பொரியல், அதே கருவாட்டுக் குழம்பு. நாம் இதை எங்கிருந்து எடுத்து வந்தோம் என்று அங்கே போனால் புரியும்.

ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள். ஆரணியாறு ஆந்திராவில் தொடங்கி, ஊத்துக்கோட்டை, நம்ம பெரியபாளையத்து அம்மன் கோயில் ஓரமாக ஓடி, பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. வருஷத்தில் பத்து மாதம் மணலாகக் கிடக்கிற ஆறு, மேலே பிச்சாட்டூர் அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் பொன்னேரி சுற்று வட்டார ஊர்களுக்கு வழியையே அடைத்துவிடும். அந்த நேரத்தில் வேடிக்கை பார்க்கப் போவது அவர்களுக்கும் தொந்தரவு, நமக்கும் ஆபத்து.

பையில் என்ன

தண்ணீர். ஆளுக்கு ரெண்டு லிட்டர், வீட்டிலிருந்தே. கிராமத்துத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும் என்ற நினைப்பு நமக்கு, அந்தப் பக்கம் அது பல இடத்தில் உப்பு. காரணம் நாம்தான். சென்னைக்காக மீஞ்சூர், பஞ்செட்டி பக்கம் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு இறைத்தார்கள், விவசாயத்துக்கும் இறைத்தார்கள், நிலத்தடியில் நல்ல தண்ணீர் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் கடல் தண்ணீர் உள்ளே வந்தது. 1960-களின் கடைசியிலேயே மீஞ்சூர் பக்கம் இதைக் கவனித்துவிட்டார்கள். இன்றைக்கு அதே மீஞ்சூருக்குக் கிழக்கே காட்டுப்பள்ளியில் கடல் தண்ணீரைக் குடிநீராக்கி நமக்கு அனுப்புகிறார்கள், 2010-லிருந்து. அதனால் ஒரு வீட்டில் கேன் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தால், அது காசு கொடுத்து வாங்கினது என்று நினைவில் வையுங்கள்.

காலுக்கு பெல்ட் செருப்பு. ஷூ போட்டால் சேற்றில் மாட்டும், வாசலுக்கு வாசல் கழற்றி மாட்டவும் நேரம் போகும். தலைக்கு ஒரு துண்டு போதும். சில்லறை நிறைய வேண்டும். டீக்கடையில் இப்போது ஸ்கேன் பண்ண அட்டை இருக்கிறது, சிக்னல் இருக்காது.

போகிற வீட்டுக்கு ஆப்பிள், ஆரஞ்சு, ஒரு பாக்கெட் மிக்சர், முழம் பூ. அவ்வளவுதான். பழைய துணியைக் கட்டி எடுத்துக்கொண்டு போய் நீட்டுகிறார்கள் சில பேர், கேட்காமல் அதைச் செய்யாதீர்கள். நம்மைவிட நல்ல சட்டை போட்டுக்கொண்டு பாலிடெக்னிக் போகிற பையன் அந்த வீட்டில் இருப்பான்.

ரயில், பிறகு பஸ்

சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டிலிருந்தும் பீச்சிலிருந்தும் கும்மிடிப்பூண்டி, சூலூர்பேட்டை வண்டிகள் கிளம்பும். ராயபுரம், வண்ணாரப்பேட்டை வழியாக வருவதும் பேசின் பிரிட்ஜ் வழியாக வருவதும் கொருக்குப்பேட்டையில் ஒன்றாகிவிடும், அதனால் நமக்கு அதுதான் வசதி. பொன்னேரிக்கு டிக்கெட் ஒரு டீ விலைக்குள் அடங்கிவிடும். தாம்பரம் லைன் மாதிரி பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி என்று நினைத்துவிடாதீர்கள், இங்கே ஒன்று போனால் காத்திருக்க வேண்டும். நடுவில் விஜயவாடா பக்கம் போகும் எக்ஸ்பிரஸ் வந்தால் நம்ம வண்டி ஓரம் கட்டி நிற்கும். ஆறு, ஆறரைக்குள் ஏறிவிடுங்கள். ஏறினதும் வலது பக்கம் ஜன்னல் பிடியுங்கள்.

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர் வரை நம்ம உலகம். எண்ணூர் தாண்டிப் பாலம் வரும், கீழே கொசஸ்தலையாறு கழிமுகத்தை நெருங்கி அகலமாகக் கிடக்கும், அந்தப் பக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர். மீஞ்சூருக்குப் பிறகு அனுப்பம்பட்டில் வண்டி நிற்கும்போது காதைக் கொடுத்துப் பாருங்கள், ஹாரன் சத்தம் நின்று போயிருக்கும். அடுத்தது பொன்னேரி. கிளம்பி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது.

ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ உண்டு. பஸ் ஸ்டாண்டில் டிபனை முடித்துவிடுங்கள், கழிப்பறைக்கும் போய்விட்டு வாருங்கள், முக்கியமாகப் பெண்கள். இனி பொதுக் கழிப்பறை என்று ஒன்று கண்ணில் படாது, தெரிந்த வீட்டில் கேட்டால்தான் உண்டு. அப்புறம் பழவேற்காடு போர்டு பார்த்து ஏறுங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸாக இருந்தால் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. இறங்கும்போது கண்டக்டரிடம் "சாயந்திரம் திரும்பிப் போக கடைசி பஸ் எத்தனை மணிக்குண்ணா?" என்று கேட்டுவிடுங்கள். இதைச் சாயந்திரம் கேட்டுப் பிரயோஜனமில்லை.

இறங்கினதும்

நேராகக் கழனிக்குப் போகாதீர்கள். நான் செய்த தப்பு அதுதான். முதலில் டீக்கடை. ஒரு டீ சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்காருங்கள். அஞ்சு நிமிஷத்துக்குள் அந்தக் கேள்வி வந்துவிடும். பதில் சொல்லுங்கள், கீரைக்காரம்மா வீட்டுக்கு, கோயிலுக்கு, எதுவோ. "கீரக்காரம்மாவா, நேரா போயி டேங்குக்குப் பக்கத்துச் சந்துல திரும்பு நைனா" என்று வழியும் சொல்லிவிடுவார்கள், நீங்கள் போய்ச் சேர்வதற்குள் அந்த வீட்டுக்குச் செய்தியும் போயிருக்கும். அந்தப் பக்கம் நிறைய வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், நமக்கும் அது புதுசில்லை.

கோயிலுக்குப் போவதாக இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள், மதியம் நடை சாத்தியிருக்கும். பிறகு தெருவில் நடங்கள். ரேஷன் கடை, பள்ளிக்கூடம், திண்ணை வைத்த பழைய ஓட்டு வீடு ஒன்றிரண்டு, மற்றதெல்லாம் மாடி வீடு.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்து ஊர்களில் ஊர்த் தெரு தனியாக, தலித் மக்கள் இருக்கும் காலனி தனியாக இருக்கும், நடுவில் ஒரு ரோடோ நாலு கழனியோ கிடக்கும். ஊர்த் தெருவில் உங்களை உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டுச் சுற்றி வளைத்து "நீங்க எந்தப் பக்கம், யாரு ஆளுங்க?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். "கொருக்குப்பேட்டைங்க" என்பதே என் பதில், எத்தனை தடவை கேட்டாலும் அதேதான். காலனிக்கும் போங்கள், அங்கேயும் உட்காருங்கள், டீ குடியுங்கள். நடவு நடுவதும் களை எடுப்பதும் பெரும்பாலும் அங்கிருந்து வரும் பெண்கள்தான், எந்தக் கழனியில் என்ன வேலை நடக்கிறது என்று அவர்களைக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள். பழவேற்காட்டு ஏரி ஓரமாகப் போனால் இருளர் குடும்பங்களைப் பார்க்கலாம், வலையில்லாமல் தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவியே இறால் பிடிப்பார்கள். அதை ஒரு சர்க்கஸ் மாதிரி வீடியோ எடுக்காதீர்கள்.

கழனியும் ஏரிக்கரையும்

வரப்பில் போனால் ஒருவர் பின்னால் ஒருவர். எதிரே தலைச்சுமையோடு ஆள் வந்தால் நாம்தான் இறங்கி வழிவிட வேண்டும், நாற்று இல்லாத பக்கமாக. புதிதாக மண் அணைத்த வரப்பில் ஏறவே ஏறாதீர்கள், உடைந்தால் ஒரு ராத்திரியில் ஒரு கழனித் தண்ணீர் முழுக்க அடுத்த கழனிக்குப் போய்விடும், அதில் பங்காளிச் சண்டையே வரும். ரோட்டில் நெல் காயவைத்திருந்தால் வண்டியில் ஏற்றாமல் ஓரமாகப் போங்கள். பம்ப்செட்டில் யாராவது குளித்துக்கொண்டிருந்தால் போனைப் பைக்குள் போட்டுவிட்டு வேறு பக்கம் நடங்கள்.

ஏரிக்கரை என்றால் நமக்கு ஒரே நினைப்புதான், பாட்டிலும் சிப்ஸ் பாக்கெட்டும். வேண்டாம். உடைந்த பாட்டில் சேற்றுக்குள் போய்விடும், அடுத்த நடவில் வெறுங்காலோடு இறங்குகிறவர் காலில் அது ஏறும். கரை மேலே நடந்தால் மதகு வரும், தண்ணீரைக் கழனிக்கு விடும் வழி அது. ஏரி நிறைந்தால் மிச்சம் வழிகிற இடம் கலங்கல். கரையோரம் ஏழு செங்கல்லை நட்டு மஞ்சள் பூசியிருந்தால் அது கன்னியம்மன், செருப்போடு பக்கத்தில் போகாதீர்கள். தண்ணீர் எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் இறங்காதீர்கள், சவுடு மண் அள்ளின பள்ளம் எங்கே இருக்கிறது என்று உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். நீச்சல் தெரிந்தவர்களையும் அந்தப் பள்ளம் விடுவதில்லை.

பாம்பு இருக்கும். புதரில் கை வைக்காதீர்கள், வைக்கோல் போர் மேல் சாயாதீர்கள், இருட்டினால் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது, கடிபட்ட காலை அசைக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள், பொன்னேரியில் அரசு மருத்துவமனை இருக்கிறது. நாய் துரத்தினால் ஓடாமல் அப்படியே நில்லுங்கள், நம்ம தெரு நாய்க்குச் செய்வதுதான்.

மதியத்துக்கு மேல்

பதினோரு மணிக்கு மேல் நடக்க முடியாது, நிழல் தேடி உட்காருங்கள். வீட்டில் சாப்பிடச் சொல்வார்கள். சாப்பிடுங்கள். இலையில் வைத்ததை மிச்சம் வைக்காதீர்கள், "ஓட்டல்ல சாப்ட்டுக்கறோம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதைவிடப் பெரிய அவமரியாதை இல்லை. காசு நீட்டாதீர்கள். கொல்லையில் விளைந்த வேர்க்கடலையோ கத்தரிக்காயோ விலைக்கு வாங்கிக்கொண்டு, மீதிச் சில்லறையை அங்கேயே விட்டுவிடுங்கள்.

மூன்று மணிக்கு மேல் நேரம் இருந்தால் பஸ் பிடித்துப் பழவேற்காடு போய்வரலாம். டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்டிரியா என்ற கோட்டை கட்டத் தொடங்கிய இடம் அது. கோட்டை மேடாகவும் புதராகவும் கிடக்கிறது, போனால் ஏமாற்றம்தான். டச்சுக் கல்லறையைத்தான் பார்க்க வேண்டும், வாசலிலேயே ரெண்டு எலும்புக்கூட்டுச் சிற்பம் நிற்கும். முஸ்லிம் பெண்கள் பனை ஓலையில் பின்னும் பெட்டிகள் வாங்கலாம். மீனவர்கள் ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள், அதற்குப் பாடு என்று பெயர், கரையில் வலை பிரிக்கிறவரிடம் கேட்டால் அரை மணி நேரம் பேசுவார். படகில் கூட்டிப் போகிறேன் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள், அதற்கப்புறம்தான் சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. பூநாரை பார்க்கத்தான் வந்தீர்கள் என்றால் அண்ணாமலைச்சேரி பக்கம் கரையிலிருந்தே தெரியும், ஆனால் அதற்கு ஒரு தனி நாள் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள்.

திரும்புவது

கண்டக்டர் சொன்ன கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள், அதற்கு முந்தின பஸ்ஸைப் பிடியுங்கள். நான் ஒரு தடவை கடைசி பஸ்ஸுக்கு நின்றேன், அது அன்றைக்கு வரவே இல்லை, வைக்கோல் ஏற்றின குட்டியானை மினி லாரியில் மேலே படுத்துக்கொண்டு பொன்னேரி வந்து சேர்ந்தேன். கேட்க நன்றாகத்தான் இருக்கும், ரெண்டு நாள் உடம்பெல்லாம் அரிப்பு. இருட்டும் முன் பொன்னேரி ஸ்டேஷனில் இருங்கள். ராத்திரி வண்டிகளுக்கு நடுவே இடைவெளி அதிகம்.

கிளம்பும்போது ஒரு கட்டு முருங்கைக்கீரை கொடுத்து அனுப்புவார்கள். ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கலாம், ரெண்டாவது தடவை வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்ததும் களைப்பில் அப்படியே போட்டுவிடாமல் ஒரு காட்டன் துணியில் இறுக்கமாகச் சுற்றி வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் பிரித்து உதறினால் இலையெல்லாம் தானாக உதிர்ந்திருக்கும், ஆய்கிற வேலை மிச்சம்.